பிழை எண் 2217

கடல் இல்லாத ஊரில்
பதினோரு துறைமுகங்கள் என் பொறுப்பு.
பெல்லந்தூர், நான்காம் மாடி,
ஏசி இரையும் மூலை மேசை.

விளையாட்டு இன்னும் வெளியாகவில்லை.
வெளியாகும் முன் உடைத்துப் பார்ப்பது என் வேலை.
மிளகு விலையை ஏற்றிவிடுவேன்,
ஒரே துறைக்கு நாற்பது கப்பலை அனுப்பிவிட்டு
என்ன ஆகிறதென்று டீயோடு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அதைப் பார்த்தேன்.
பெயர், சிவப்பு வாத்து.
கப்பல்களுக்குப் பெயர் தானாக விழும்,
நாங்கள் வைப்பதில்லை.
தொண்ணூறு சாக்கு மிளகோடு
தெற்குத் துறை வாசலுக்கு அது வந்தபோது
கிடங்கில் இடமில்லை.
காத்திரு என்றது துறை.
இடம் வந்த பிறகு
வா என்று சொல்ல
யாரும் நிரல் எழுதியிருக்கவில்லை.

அறுபத்தொரு வருடம், ஆட்டத்தின் கணக்கில்.
அதற்குள் துறைக்கு மூன்று ஆளுநர்கள்.
மிளகு மலிந்து, ஏலக்காய் ஏறி,
திரும்பவும் மிளகே ஏறியது.
வாத்து சுற்றிக்கொண்டே இருந்தது.
மாலுமிகளுக்குப் பசி வைக்கவில்லை நாங்கள்.
பட்ஜெட்டில் இல்லை.

பிழை எண் 2217. தீவிரம்: குறைவு.
ஆட்டக்காரர் கவனிக்க வாய்ப்பில்லை
என்று எழுதியதும் நான்தான்.

சௌம்யரஞ்சன் பாராதீப்காரன்.
எங்கள் குழுவில் நிஜத் துறைமுகத்தின் பக்கத்தில்
வளர்ந்தவன் அவன் ஒருவனே.
அங்கேயும் இப்படித்தான் நிற்கும் என்றான்,
ராத்திரி மொட்டைமாடி ஏறினால்
கடலுக்குள் இன்னொரு ஊர் விளக்கேற்றியது மாதிரி.
சொல்லிக்கொண்டே இரண்டு வரியில் சரிசெய்தான்:
முப்பது நாளுக்கு மேல் காத்திருக்கும் கப்பலை
அழித்துவிடு.

ஓட்டிப் பார்த்தேன்.
முப்பத்தோராம் நாள் காலை
தண்ணீர் மட்டும் இருந்தது.
நுரைகூட இல்லை.
தொண்ணூறு சாக்கும் நட்டக் கணக்கில் ஏறவில்லை.

கன்னத்தில் கை வைத்திருந்தேன் போல.
கப்பல் கவிழ்ந்துவிட்டதா என்றாள் மெர்லின்.
இல்லை மெர்லின்,
கவிழ்வதும் பட்ஜெட்டில் இல்லை.
ஆறு மணிக்கு
'சரிபார்க்கப்பட்டது' பொத்தானை அழுத்திவிட்டு
500டி பிடித்தேன்.
சில்க் போர்டில் ஐம்பது நிமிடம்.
பட்டும் இல்லை, பலகையும் இல்லை,
முன்னால் நிற்கும் பேருந்தின் முதுகு மட்டும்.

ஹொங்கசந்திராவில் எங்களுடையது முட்டுச்சந்து.
மார்ச்சிலேயே போர் வற்றிவிட்டது.
நாலு நாள் முன்பு சொன்ன டேங்கர்
இரவு இரண்டேகாலுக்கு போன் செய்தது.
நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.
ஒரு பக்கம் திறந்த சாக்கடை,
மறுபக்கம் யாரோ விட்டுப்போன ஆல்டோ.
பின்பக்கமாகத்தான் வரவேண்டும்.
போன் விளக்கைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து,
பர்லி, பர்லி, பர்லி,
எனக்குத் தெரிந்த இருபது கன்னடச் சொற்களில் ஒன்றை
ஆறாயிரம் லிட்டருக்குச் சொல்லிக்கொண்டே
பின்னால் நடந்தேன்.

ஓட்டுநர் சித்தப்பாஜி
பன்னிரண்டே முக்காலிலிருந்து முனையில் நின்றிருக்கிறார்.
ஹாரன் அடித்திருக்கலாமே?
எல்லாரும் தூங்குகிறார்கள் மேடம்.

ஊட்டா ஆய்த்தா என்று கேட்டேன்.
இந்த ஊரில் அது வெறும் வணக்கம்,
ஆகிவிட்டது என்பதுதான் பதில்.
அவர் இல்லை என்றார்.

ஆறிய மூன்று தோசை, பொடி.
பம்பரில் உட்கார்ந்து சாப்பிட்டார்.
குழாய் சம்ப்புக்குள் இரைந்துகொண்டிருந்தது.
நான் போனில் 2217ஐ மறுபடி திறந்தேன்.
மீண்டும் திறப்பதற்கான காரணம்
என்றொரு கட்டம் வந்து நின்றது.
அதில் மாலுமி என்று அடித்தேன், அழித்தேன்.
பசி என்று அடித்தேன்,
அதற்குள் காலில் ஈரம்.
சம்ப் வழிந்து சந்தெல்லாம் தண்ணீர்.
சாக்கு, சாக்கு என்று மாடியிலிருந்து
யாரோ கன்னடத்தில் கத்துகிறார்கள்,
போதுமாம்.
எச்சில் கையோடு வால்வைப் பார்த்து
ஓடுகிறார் சித்தப்பாஜி.